ஊக்கம் இல்லாத நாளில் ஸ்டுடியோவில் என்ன நடக்கிறது?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். கோவையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை, வயது 34, மூன்று வருடமாக வாட்டர்கலரும் ஆக்ரிலிக்கும் பழகுகிறீர்கள். ஒவ்வொரு தடவையும் பெரிய ஆர்வத்தோடு உட்காருகிறீர்கள், மூன்றாவது வாரம் நின்றுவிடுகிறது. வாங்கி வைத்த ட்யூபெல்லாம் காய்ந்து கல்லாகிக் கிடக்கின்றன. "தினமும் ஸ்டுடியோவுக்குப் போகிறவர்களுக்கு ஊக்கம் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே, போகிற போக்கில் சொன்னது போல இன்னொரு வரி இருக்கிறது: "எனக்கு அது தானாக வரவில்லையென்றால் நான் இதற்கு லாயக்கில்லை என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடலாமா?" நீங்கள் கேட்க வந்ததே இந்த இரண்டாவதைத்தான் என்று தோன்றுகிறது. முதலாவதற்குப் பதில் சொன்னால் இரண்டாவது பாதி கரைந்துவிடும். அதனால் அங்கிருந்தே வருகிறேன்.

நான் எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்தவள். படித்தது பெயிண்டிங், பிறகு ஒட்டிக்கொண்டது எச்சிங். ஜிங்க் தகட்டில் ஆசிட்டால் கோட்டை அரித்து, அந்தப் பள்ளத்தில் இங்க் அடைத்து, ஈரத்தாளை வைத்து பிரஸ்ஸில் அழுத்தி எடுக்கிற வேலை. 26 வருடமாகச் செய்கிறேன். சனிக்கிழமைகளில் வேலைக்குப் போகிற பெரியவர்களுக்கு வகுப்பும் எடுக்கிறேன், உங்களைப் போன்றவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். நான் மனநலம் படித்தவள் இல்லை. கீழே சொல்வதில் பெரும்பகுதி என் கையும் கண்ணும் கண்டது. ஆய்வைச் சொல்லும் இடத்தில் அது ஆய்வு என்று தனியாகச் சொல்லிவிடுகிறேன்.

அடித்துச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. தினமும் ஊக்கத்தோடு ஸ்டுடியோவுக்குள் நுழைகிற ஓவியர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. கல்லூரி முடித்த புதிதில் இப்படி அச்சில் படம் எடுக்கிற மூத்த பிரிண்ட்மேக்கர் ஒருவரிடம் உதவிக்குச் சேர்ந்தேன். மேதை வரைவதைப் பக்கத்திலிருந்து பார்க்கப்போகிறோம் என்ற நினைப்பு. முதல் வாரம் முழுக்க அவர் ஒரு கோடு போடவில்லை. திங்கட்கிழமை இரும்பு ஸ்கேலை வைத்துப் பெரிய தாள்களைக் கிழித்தார். கத்தியால் வெட்டமாட்டார், கிழித்தால்தான் ஓரம் பிசிறு பிசிறாக அழகாக வரும். செவ்வாய்க்கிழமை, பிரஸ்ஸில் தாளுக்கு மேல் விரிக்கிற கம்பளிகளை அலசி மொட்டைமாடியில் காயப்போட்டோம். புதன் மழை, பழைய ப்ரூஃப்களை, அதாவது தகட்டிலிருந்து எடுத்த சோதனை அச்சுகளை, எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை பொறுக்க முடியாமல் கேட்டேன், "எப்ப சார் வரைவீங்க?" அவர் தாளை எண்ணிக்கொண்டே சொன்னார்: "இன்னைக்குத் தாளுக்கு வேலை இருக்கும்மா. எனக்கு வேலை வந்தா வரைவேன்." அப்போது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. சம்பளமில்லாமல் வந்து கம்பளி துவைக்கிறோமே என்று வீட்டில் புலம்பினேன்.

அவர் ஸ்டுடியோவில் எல்லா மனநிலைக்கும் ஏற்ற வேலை இருந்தது. தலை தெளிவாக இருக்கும் நாளில் தகட்டில் வரைவது. சுமாரான நாளில் ஏற்கெனவே வரைந்ததைப் ப்ரூஃப் எடுப்பது. எதுவுமே ஓடாத நாளில் தகட்டின் ஓரத்தை அரத்தால் ராவுவது, இங்க் டப்பாக்களின் மேலே படிந்த ஆடையை நீக்குவது, ஈரம் உறிஞ்சுகிற பிளாட்டிங் தாளை வெயிலில் போடுவது. மூன்றுமே ஸ்டுடியோ வேலைதான். பெயிண்டிங் செய்பவர்களுக்கு இந்தக் கீழ்ப்படி வேலை குறைவு. கடையில் ரெடிமேட் கேன்வாஸ், ரெடிமேட் ட்யூப் என்று வந்தபிறகு அது இன்னும் குறைந்துவிட்டது. உட்கார்ந்ததும் நேராகப் படம் போட வேண்டும், அதுவும் நல்ல படமாக இருக்க வேண்டும். ஆபீஸில் மார்ச் மாதக் கணக்கை முடித்துவிட்டு எட்டு மணிக்கு வீட்டுக்கு வருகிறவரிடம் இதைக் கேட்பது அநியாயம்.

என் கதையில் ஒரு பகுதியைச் சொல்கிறேன், அது உங்கள் மூன்றாவது வாரத்துக்குப் பக்கத்தில் வருகிறது. முதல் தனிக் கண்காட்சி முடிந்ததும் நான் வற்றிப்போனேன். காட்சிக்கு வைத்த பிரிண்ட்களைத் திருப்பித் தராமல் ஒரு கேலரி ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தடித்தது. கைக்கு வந்தபோது பாதித் தாளில் பூஞ்சை. அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன் என்றும் சொல்லலாம். பத்து மாதம் ஸ்டுடியோ பக்கமே போகவில்லை. ஊக்கம் வரட்டும் என்று காத்திருந்தேன். ஓவியர் வாழ்க்கை பற்றி நிறையப் படித்தேன், டீ குடித்தேன், மற்றவர்களின் கண்காட்சிக்குப் போய்க் குறை சொன்னேன். அப்போது ஒரு ஜூனியர் பெண் வந்து, "அக்கா, கல்லூரி சப்மிஷனுக்குப் பத்து பிளேட் ரெடி பண்ணிக் குடுங்க, கூலி தர்றேன்" என்றாள். கையில் காசும் இல்லை, ஒப்புக்கொண்டேன்.

ஜிங்க் தகட்டை ரெடி பண்ணுவது எப்படி என்றால், நாலு ஓரத்தையும் அரத்தால் சரிவாக ராவ வேண்டும். இல்லாவிட்டால் பிரஸ்ஸில் போகும்போது கூரான விளிம்பு தாளையும் கம்பளியையும் வெட்டிவிடும். அரத்தை ஒரே பக்கமாகத்தான் தள்ள வேண்டும், முன்னும் பின்னும் இழுக்கக்கூடாது. முதல் பத்துத் தள்ளலுக்குக் கிறீச்சென்று பல் கூசும். சரிவு பிடித்ததும் சத்தம் மாறி, தேங்காய் துருவுகிற மாதிரி ஒரு சீரான கரகரப்பு வரும். காது சொல்லும், கண் பார்க்க வேண்டியதில்லை. அப்புறம் உப்புத்தாள், அப்புறம் பிராஸோ போட்டுத் தேய்ப்பது, கடைசியில் சாக்பீஸ் தூளும் வினிகரும் கலந்து எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பது. தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாகத் திரளாமல் தகடு முழுக்க ஒரே படலமாகப் பரவ வேண்டும், அதுதான் சுத்தமானதற்கு அடையாளம். ஒன்பதாவது தகட்டில் அரம் வழுக்கியது. மூலையிலிருந்து நடுவரைக்கும் ஒரு நீளக் கீறல். இதை அவளுக்குக் கொடுக்க முடியாது. ஓரமாக வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தேன். எல்லாம் முடிந்த பிறகு, தூக்கிப் போடுவதற்கு முன்னால் சும்மா அதில் இங்க் தடவி ஒரு ப்ரூஃப் எடுத்தேன்.

கீறலின் ஓரத்தில் உலோகம் பிசிறாக எழும்பி நிற்கும், அது இங்க்கைப் பிடித்துக்கொள்ளும். அதனால் ஆசிட்டில் அரித்த கோடு போலக் கறாராக இல்லாமல், கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மங்கலான நிழல் விழும். டிரைபாயிண்ட் என்பது இதுதான். கல்லூரியிலேயே படித்திருக்கிறேன், புதிதாக எதுவும் கண்டுபிடித்துவிடவில்லை. ஆனால் அந்த ப்ரூஃபில் அந்தக் கோடு கொஞ்சம் தொய்ந்து, எங்கள் மொட்டைமாடியில் துணி உலர்த்துகிற கொடி மாதிரியே இருந்தது. துணியே இல்லாத ஒரு கொடி. அதில் ஒரு புடவை தொங்கினால் எவ்வளவு தொய்யும்? ஈரப் புடவைக்கும் காய்ந்த புடவைக்கும் தொய்வு எவ்வளவு வேறுபடும்? கோடு ஒன்றாலேயே அந்த எடையைக் காட்ட முடியுமா? மறுநாள் காலை ஏழு மணிக்கு ஸ்டுடியோவில் இருந்தேன். அடுத்த நாலு வருடம் துணிக்கொடிகள் மட்டும்தான் போட்டேன்.

ஊக்கம் திரும்பி வந்தது என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். இப்போது யோசித்தால் அது சரியான சொல் இல்லை. என்னிடம் பத்து மாதமாக இல்லாமல் இருந்தது ஒரு கேள்வி. கண்காட்சியோடு பழைய கேள்விகள் தீர்ந்துவிட்டன, புதிது இல்லை. கேள்வி இல்லாதபோது ஸ்டுடியோவுக்குப் போனால் அங்கே செய்வதற்கு ஒன்றும் இருக்காது. அந்த வெறுமையைத்தான் ஊக்கமின்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் மூன்றாவது வாரமும் இந்த ஜாதிதான் என்பது என் ஊகம். முதல் இரண்டு வாரம் வகுப்பில் கற்றதையும் வீடியோவில் பார்த்ததையும் போடுகிறீர்கள். சரக்கு தீர்ந்ததும் எதைப் போடுவது என்று நீங்களே தீர்மானிக்க வேண்டிய கட்டம் வருகிறது. அங்கே நிற்கிறது வண்டி. இது ஊகம்தான், உங்கள் வீட்டில் வந்து பார்த்தவள் இல்லை நான். ஆனால் என் சனிக்கிழமை வகுப்பில் பாதியில் நின்றுபோனவர்களிடம் கேட்டால், "பிடிக்கவில்லை" என்று சொன்னவர்கள் குறைவு. "என்ன வரையறதுன்னு தெரியல மேடம்" என்றவர்கள்தான் அதிகம்.

இதற்கு எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றையே பிடித்துக்கொள்வது. இத்தாலியில் பொலோன்யா ஊரில் ஜார்ஜோ மொராண்டி என்று ஒருவர் இருந்தார், 1890இல் பிறந்து 1964இல் இறந்தார். அவர் மேல் எனக்குத் தனிப் பாசம் உண்டு, காரணம் அவர் 1930 முதல் 1956 வரை அந்த ஊர் ஓவியக் கல்லூரியில் எச்சிங் வாத்தியார். கல்யாணம் செய்துகொள்ளாமல் மூன்று தங்கைகளோடு ஒரே வீட்டில் வாழ்ந்தார். படுக்கிற அறைதான் ஸ்டுடியோ. வாழ்நாளில் பெரும்பகுதி அவர் வரைந்தது புட்டி, ஜாடி, குவளை, டப்பா. எண்ணெய் ஓவியம் மட்டும் 1,300க்கு மேல். புட்டிகளின் பளபளப்பும் லேபிளும் தொந்தரவாக இருக்கிறதென்று அவற்றின் மேலேயே பெயிண்ட் அடித்து வைத்தார். மேஜைமேல் தாள் விரித்து, ஒவ்வொரு புட்டியும் நிற்கிற இடத்தைப் பென்சிலால் குறித்து, ஒரு புட்டியைக் கொஞ்சம் நகர்த்தினால் என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சலிப்பு. உள்ளே இருப்பவருக்கு, இரண்டு புட்டிக்கு நடுவே இருக்கும் சந்து குறுகினால் அந்தச் சந்தே ஒரு உருவமாகிவிடுகிறது என்பது ஒரு வாரத்துக்குத் தாங்குகிற விஷயம். நாளைக்கு என்ன வரைவது என்ற கவலை அவருக்கு இருந்திருக்காது. புட்டி அங்கேயே இருக்கிறது. எதை வரைவது என்ற கவலை ஒழிந்தால், எப்படி வரைவது என்பதற்கு மொத்த மூளையும் கிடைக்கும்.

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1653இல் 'மூன்று சிலுவைகள்' தகட்டை டிரைபாயிண்டில் போட்டார். முடிந்த வேலை என்று விட்டிருக்கலாம். பிறகு அதே தகட்டை எடுத்து, பல உருவங்களைச் சுரண்டி நீக்கி, மேலிருந்து கீழாகக் கனத்த கோடுகளைப் போட்டு, கிட்டத்தட்ட வேறு படமாகவே மாற்றினார். ஒரு தகட்டை மாற்றி அச்சிடும் ஒவ்வொரு கட்டத்தையும் 'நிலை' என்பார்கள், அந்த நாலாம் நிலைப் பிரிண்டைப் பார்க்கும்போதெல்லாம், பழைய வேலையே அடுத்த வேலைக்கு ஆரம்பமாக இருக்க முடியும் என்பது எனக்குத் தைரியம் தருகிறது.

உங்களுக்குச் செய்முறையாகச் சொல்வதானால்: வீட்டில் இருக்கும் ஒரே பொருள், ஒரே அளவுத் தாள், 20 படம். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் என் வகுப்புக்கு வந்தார். பூஜை அறையிலிருந்து ஒரு பித்தளைச் சொம்பைக் கொண்டுவந்தார். முதல் ஐந்து படம் சுறுசுறுப்பாகப் போட்டார். ஆறிலிருந்து பன்னிரண்டுவரை முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. "மேடம், இந்தச் சொம்பை உருக்கித் தட்டுபண்ணிடலாம்போல இருக்கு" என்றார். பதினாலாவதோ பதினைந்தாவதோ போடும்போது திடீரென்று நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். சொம்பின் வயிற்றில் எங்கள் ஜன்னல் கம்பிகள் வளைந்து தெரிந்தன, அதற்குள் ஒரு கட்டைவிரல் அளவுக்கு அவரே உட்கார்ந்திருந்தார். ரெண்டு மாதமாக அது அங்கேதான் இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு அவருக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லோருக்கும் பதினாலாவதில் இப்படி நடக்கும் என்று உத்தரவாதம் தர மாட்டேன். இருபதும் போட்டுவிட்டுச் சலித்துப்போய் நின்றவர்களும் உண்டு. ஆனால் அவர்களுக்கும் அடுத்த பொருளைத் தேர்ந்தெடுப்பது எளிதாக இருந்தது, எதில் சலித்தோம் என்று தெரிந்திருந்ததால்.

அடுத்தது தயாரிப்பு. எச்சிங்கில் தாளை முந்தின நாளே நனைத்து, பிளாட்டிங் தாள்களுக்கு நடுவே அடுக்கி, பாலிதீன் சுற்றி வைக்க வேண்டும். அப்போதுதான் காலையில் சரியான பதத்தில் இருக்கும். இந்த ஒரு கட்டாயம் என்னை எத்தனையோ நாள் காப்பாற்றியிருக்கிறது. தாள் ஊறிவிட்டது, இனிமேல் போகாமல் இருந்தால் வீண். ராத்திரி உளுந்தும் அரிசியும் ஊறப்போட்டு அரைத்து வைத்தவளுக்குக் காலையில் இட்லி ஊற்ற தனியாக ஊக்கம் வேண்டுமா என்ன? அதனால் நாளைக்கான வேலையை இன்றைக்கே ஊறப்போடுங்கள். வாட்டர்கலர் தாளைப் பலகையில் நனைத்து ஒட்டி வையுங்கள், விடிந்தால் முரசுத்தோல் மாதிரி விறைப்பாக இருக்கும். நாளைக்கு வேண்டிய இரண்டு நிறத்தைத் தட்டில் எடுத்து வையுங்கள். படத்தை முடித்துவிட்டு எழுந்திருக்காதீர்கள், அடுத்து என்ன என்று நன்றாகத் தெரிகிற இடத்தில் நிறுத்திவிட்டு, அதை ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். 'இடது பக்க நிழலில் கொஞ்சம் ஊதா' என்பது போல. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, பலபேரிடம் வேலை செய்து பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, மேஜை. ஒவ்வொரு தடவையும் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து, செய்தித்தாள் விரித்து, முடிந்ததும் திரும்பக் கட்டிவைக்க வேண்டியிருந்தால் நானும் மூன்றாவது வாரம் நிறுத்திவிடுவேன். என் முதல் ஸ்டுடியோ சமையலறைக்கு வெளியே இருந்த பால்கனி, துவைக்கிற கல்லுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவே. குழந்தை பிறந்து மூன்று வருடம் அங்கேதான் அச்செடுப்பதற்கு மரக்கட்டை செதுக்கினேன், ஆசிட்டைத் தொடவில்லை. மேஜை என்று பார்த்தால் இரண்டடிக்கு இரண்டடி. ஆனால் அது எப்போதும் விரித்தபடியே இருக்கும், வேறு யாரும் அதில் காய்கறிக் கூடை வைக்கக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். மாமியார் மட்டும் எப்போதாவது கீரையை வைத்துவிட்டு, "உன் மேஜையிலதாம்மா நல்ல காத்து வருது" என்பார். அதற்கெல்லாம் சண்டை போடவில்லை.

தினமும் செய்தே ஆக வேண்டுமா? இங்கேதான் உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரிக்க வேண்டியிருக்கிறது. ஒரு பழக்கம் படிய 21 நாள் போதும் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள், அதை நம்பாதீர்கள். 2010இல் வெளியான ஆய்வு ஒன்றில் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஒரு செயல் யோசிக்காமல் நடக்கிற அளவுக்குப் பழகுவதற்கு ஆளைப் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள்வரை என்று கணக்கு வந்தது, நடுவாக 66. நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பு இல்லை என்றும் கண்டார்கள். உங்களுக்கு இது நல்ல சேதி, மூன்றாவது வாரத்தில் இன்னும் கனமாக இருப்பது இயல்புதான். ஆனால் அவர்கள் பார்த்தது தண்ணீர் குடிப்பது, பழம் சாப்பிடுவது, ஓடுவது போன்ற காரியங்கள். மேஜைக்குப் போய் உட்காருவது அப்படிப் பழக்கமாகலாம். உட்கார்ந்த பிறகு நடப்பது பழக்கம் ஆகாது, ஆகவும் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

ஜப்பானிய ஓவியர் ஆன் கவாராவைப் பாருங்கள். 1966 ஜனவரி 4ஆம் தேதி நியூயார்க்கில் அன்றைய தேதியை மட்டும் ஒரு கேன்வாஸில் எழுதத் தொடங்கினார். அன்றைக்கு நள்ளிரவுக்குள் முடியாவிட்டால் அழித்துவிடுவது என்பது அவருடைய விதி. ஏறக்குறைய ஐம்பது வருடம் தொடர்ந்தார், மொத்தம் கிட்டத்தட்ட 3,000 படங்கள். கணக்கு உங்கள் தொழில், போட்டுப் பாருங்கள்: சராசரியாக ஆறு நாளுக்கு ஒன்றுதான் வருகிறது. தேதியையே தன் வாழ்நாள் வேலையாக்கிக்கொண்ட மனிதர்கூடத் தினமும் போடவில்லை. வாரத்தில் செவ்வாய், வியாழன் நாற்பது நிமிடம், ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் போதும். வாரக் கடைசியில் ஆறு மணி நேரம் ஒரேயடியாக என்று நீங்கள் போட்ட திட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் வந்தால் இரண்டு வாரம் போச்சு.

பணமும் பாராட்டும் பற்றிக் கொஞ்சம். நீங்கள் ஒவ்வொரு படத்தையும் போட்டோ எடுத்துப் போடுவதாகவும், லைக் குறைந்தால் மனசு விட்டுப்போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள், 1973இல் அது ஆய்வாக வெளிவந்தது. ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகள். ஒரு பகுதியினரிடம், வரைந்தால் ரிப்பன் கட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து அதே பேனாக்களைச் சும்மா எடுத்து வைத்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான் அவற்றைத் தொட்டார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு ஆசை குறையவில்லை. மழலைகளை வைத்துச் செய்ததை 34 வயதுக்காரருக்கு அப்படியே பொருத்த மாட்டேன், லைக்கும் ரிப்பனும் ஒன்றல்ல. இருந்தாலும் என் சொந்த வழக்கம் இது: ஒரு தொடரை முடிக்கும்வரை வெளியே காட்டுவதில்லை.

பணத்தை ஓவியத்தின் தலையில் ஏற்றாமல் தனியாக வைத்துக்கொள்வதற்குச் சென்னையிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. கவாரா தொடங்கிய அதே 1966இல், எங்கள் கல்லூரியின் அப்போதைய முதல்வர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு சேர்ந்த கலைஞர்களும் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கினார்கள். படத்தை விற்று யாரும் சாப்பிட முடியாத காலம். மெழுகு தடவிச் சாயமேற்றும் பாத்திக் துணியும் மற்றக் கைவினைப் பொருட்களும் செய்து விற்றார்கள். நிலம் வாங்கியதும் அந்த வருமானத்தில்தான். பாத்திக் சோறு போட்டதால், ஓவியம் சோறு போட வேண்டிய கட்டாயம் இல்லாமல் போனது. கைவினையில் மெழுகும் சாயமும் பழகிய கை ஓவியத்துக்கும் உதவியிருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் பாத்திக், உங்கள் கணக்கு வேலை. அதைக் குறையாக நினைக்கிறீர்கள் என்று கேள்வியின் தொனியில் தெரிகிறது, நான் அதைப் பாக்கியம் என்பேன். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறவர் சொம்பை இருபது தடவை வரையலாம். ஆர்டரை நம்பி இருப்பவருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது, எனக்குப் பல வருடம் கிடைத்ததில்லை.

மோசமான படங்களைக் கிழிக்காதீர்கள். பின்பக்கம் தேதி போட்டு ஒரு டிராயரில் அடுக்கி, ஆறு மாதம் கழித்துத்தான் திறக்க வேண்டும். அன்றன்றைக்கு நம் வேலையை நாமே எடைபோட்டால் தராசு பொய் சொல்லும், களைப்பு எல்லாவற்றையும் மட்டமாகக் காட்டும். ஒரு மண்பாண்ட வகுப்பில் எண்ணிக்கைக்காகச் செய்தவர்கள் தரத்துக்காகச் செய்தவர்களைவிட நல்ல பானை செய்தார்கள் என்று ஒரு கதை பல வருடமாகச் சுற்றுகிறது. அதை ஆய்வு மாதிரி மேற்கோள் காட்டுவார்கள், நான் அதைக் கதையாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். நிறையப் போட்டால் கை பழகும் என்பது சரி. ஒரே தவறை நிறையத் தடவை போட்டால் அந்தத் தவறும் பழகிவிடும் என்பதையும் வகுப்பில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் டிராயரைத் திறக்கும் நாளில், பக்கத்தில் கண் உள்ள ஒருவர் இருந்தால் நல்லது. கோவையில் ஓவியம் போடும் நண்பர் ஒருவர் போதும், மாதம் ஒரு தடவை ஒருவர் வேலையை இன்னொருவர் பார்த்தால் போதும்.

விட்டுவிடலாமா என்ற கேள்வி. விடலாம், அதில் பாவம் ஒன்றும் இல்லை. என்னோடு படித்தவர்களில் பாதிக்கு மேல் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், பலர் என்னைவிடச் சந்தோஷமாக இருக்கிறார்கள். ஆனால் ஊக்கம் தானாக வரவில்லை என்பதைக் காரணமாகச் சொல்லாதீர்கள், அது யாருக்கும் தானாக வருவதில்லை. நான் பார்க்கும் அடையாளம் வேறு. பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு சுவரில் விழும் வெயிலைப் பார்த்து, இதற்கு எந்த நிறத்தைக் கலப்பது என்று மனசு தன்பாட்டில் கணக்குப் போடுகிறதா? வரையாத வாரங்களிலும் அது நடக்கிறதென்றால் நீங்கள் இன்னும் விடவில்லை. பல மாதமாக அப்படி ஒன்றுமே நடக்கவில்லை, வேறு எதையோ ஆசையாகச் செய்கிறீர்கள் என்றால், தாராளமாக அந்தப் பக்கம் போங்கள். அதேசமயம் ஓவியம் மட்டுமில்லாமல் சாப்பாடு, தூக்கம், நண்பர்கள் எதிலும் வாரக்கணக்கில் பிடிப்பில்லை என்றால் அது ஸ்டுடியோ விஷயமே இல்லை, மருத்துவரைப் பாருங்கள். என் வகுப்பில் ஒருவருக்கு நான் சொம்பைக் கொடுத்துக்கொண்டிருந்தேன், அவருக்கு வேண்டியிருந்தது சிகிச்சை. தாமதமாகத்தான் புரிந்தது.

கடைசியாக அந்தக் காய்ந்த ட்யூப்கள். ஆக்ரிலிக் என்றால் தூக்கிப் போடுங்கள், உலர்ந்த ஆக்ரிலிக் மறுபடி கரையாது. வாட்டர்கலர் ட்யூப் கல்லாகிவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். அதில் இருக்கும் கோந்து தண்ணீர் பட்டால் இளகும். பிளேடால் ட்யூபை நீளவாக்கில் கீறிப் பிரித்து, கட்டியை எடுத்து, பழைய மாத்திரை அட்டையின் குழிகளில் நிறத்துக்கு ஒன்றாக வையுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு ராத்திரி மூடி வைத்துவிடுங்கள். செவ்வாய்க்கிழமை செய்யலாம், வரைய வேண்டியதில்லை, நாற்பது நிமிடம் சரியாக இருக்கும்.